வேகத்திற்கும் சான்று வேண்டும்

கணிப்பொறி ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு கடிகாரம் இடைவிடாமல் துடித்துக்கொண்டிருக்கிறது. துடிப்புக்கு ஓர் அடி என்ற கணக்கில் அதன் உறுப்புகள் நடைபோடுகின்றன. தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த அளவைவிட இத்துடிப்பை விரைவாக்குவதற்கு 'ஓவர்கிளாக்கிங்' என்று பெயர். பள்ளி மாணவர்கள் சிலரும் இதில் ஆர்வம் காட்டுகின்றனர். பெரியவர்கள் பலர் இதை வீண் விளையாட்டு என்று ஒதுக்குகின்றனர். நான் அப்படி ஒதுக்கமாட்டேன். ஆனால், 'என் கணிப்பொறி இத்தனை மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது' என்று ஒருவர் சொன்னால், 'பிழையின்றி ஓடுகிறது என்பதற்கு என்ன சான்று?' என்று கேட்பேன். சான்று இல்லாத வேகம் வேகமே ஆகாது என்பது என் கருத்து.

குறித்த அளவைத் தாண்டி ஓட்டுவது எப்படி இயலுகிறது? ஒரே ஆலையில் ஒரே நாளில் செய்த சில்லுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றுள் மிக மந்தமானதும், வெப்பம் மிகுந்த நாளிலும், பல ஆண்டுகள் உழைத்த பின்னும் தவறாமல் வேலை செய்யவேண்டும் என்று எண்ணியே தயாரிப்பாளர் வேகத்தைக் குறிக்கிறார். ஆகவே பல சில்லுகளில் சிறிது மிச்சம் இருக்கும். எவ்வளவு மிச்சம் என்பது சோதித்தால்தான் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1998-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் 'செலெரான் 300ஏ' என்னும் விலை குறைந்த செயலியை வெளியிட்டது. தாய்ப்பலகையில் தகவல் செல்லும் 'பஸ்' என்னும் பாட்டை 66 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும். செயலி அதைப்போல் 4.5 மடங்காக 300 மெகாஹெர்ட்ஸில் ஓடும். பாட்டையை 100-க்கு உயர்த்தியபோது அதே செயலி பலரிடம் 450-ல் ஓடியது. 100-ஐத் தாங்காத செயலியை வைத்திருந்தவர்களில் சிலர் 83-உடன் நிறைவு கொண்டனர். அவர்களுக்குக் கிடைத்தது 375. 450-ஐவிட 375 குறைவு என்பதால் அதுவே பாதுகாப்பானது என்று தோன்றுகிறதல்லவா?

உண்மை அதற்கு நேர்மாறானது. வன்தட்டுக்குச் செல்லும் 'பிசிஐ' பாட்டை 33 மெகாஹெர்ட்ஸுக்கென வகுக்கப்பட்டது. தாய்ப்பலகையின் 'சிப்செட்' என்னும் துணைச் சில்லுத் தொகுதி மூலத் துடிப்பை வகுத்து அதற்கு அளிக்கும். 66 என்றால் 2-ஆல் வகுக்கும். 100 என்றால் 3-ஆல் வகுக்கும். இரண்டிலும் விடை ஏறக்குறைய 33. ஆனால் 83-ஐ 2-ஆல் வகுத்தால் 41.5 வருகிறது! செயலி நலமாக இருக்க, சில கணிப்பொறிகளில் வன்தட்டில் எழுதிய கோப்புகள் சிதைந்தன. செயலியின் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் காரணம் விளங்கவில்லை. ஓர் உறுப்பின் வேகத்தை மாற்றினால் அதனோடு பிணைந்த மற்றவற்றையும் சோதிக்கவேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

பின்னாளில் பிசிஐ துடிப்பைத் தனியே பூட்டிவைக்கும் வசதி வந்துவிட்டது. இன்று ஆர்வலர்களை அதிகம் சோதிப்பது நினைவகம். அதன் பெட்டியில் அச்சிட்ட எண் பெரிதாக இருந்தால் எல்லாம் விரைவு என்று நினைக்கக்கூடாது. டிடிஆர்-400 என்னும் பழைய நினைவகத்தின் கடிகாரம் 200 மெகாஹெர்ட்ஸ். கேட்ட தகவலைத் தர அதன் சிறந்த வகை 2 துடிப்புகள் காத்திருக்கும். அதாவது 10 நானோ வினாடி. டிடிஆர்5-6000 வகையின் கடிகாரம் 3000 மெகாஹெர்ட்ஸ். 30 துடிப்புகள் காத்திருந்தால், கணக்கிட்டுப் பாருங்கள், அதுவும் 10 நானோ வினாடியே! வினாடிக்கு அனுப்பும் தகவலின் அளவு 15 மடங்கு உயர்ந்தது. முதல் தகவலுக்குக் காத்திருக்கும் நேரம் அப்படியே நிற்கிறது.

நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச் சிறிய மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கிறது. ஓட்டைக் குடத்து நீர்போல் அது கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே டிடிஆர்4 வகையில் 64 மில்லி வினாடிக்குள் எல்லா மின்தேக்கிகளையும் ஒருமுறை புதுப்பிக்கவேண்டும்; வெப்பநிலை 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 32 மில்லி வினாடிக்குள் புதுப்பிக்கவேண்டும். இந்த இடைவெளியை நீட்டினால் வேகம் சற்றுக் கூடும் என்று சிலர் நீட்டுகின்றனர். காலையில் செய்த சோதனையில் தேறிய கணிப்பொறி, சித்திரை மாதப் பிற்பகலில் தவறுவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம். மின்னழுத்தத்தை உயர்த்திச் சரிசெய்ய முயன்றாலோ, வெப்பம் அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கினால், துடிப்பு மாறாமலே மின்திறன் ஏறத்தாழ 27 விழுக்காடு கூடுகிறது.

'எப்போதோ ஒரு பிழை வந்தால் என்ன?' என்று கேட்கலாம். டிடிஆர்4-3200 நினைவகம் முழு வேகத்தில் வினாடிக்கு 320 கோடி முறை தகவல் அனுப்புகிறது. ஒரு லட்சம் கோடி முறைக்கு ஒரே ஒரு பிழை என்று வைத்துக்கொண்டாலும், ஏறத்தாழ 5 நிமிடங்களுக்கு ஒரு பிழை நேரும். கணிப்பொறி நின்றுபோனால் நல்லது, நமக்குத் தெரிந்துவிடும். நிற்காமல், ஒரு நிழற்படத்திலோ உங்கள் செய்முறைக் கணக்கிலோ ஓர் எண்ணை மட்டும் மாற்றிவிட்டால்? சர்வர் கணிப்பொறிகளில் 64 பிட்டுகளோடு 8 பிட்டுகளைச் சேர்த்து வைத்துப் பிழையைக் கண்டு திருத்துகின்றனர். வீட்டுக் கணிப்பொறிகள் பெரும்பாலானவற்றில் இந்த முழு ஏற்பாடு இல்லை. அங்கே காவலாளி நாம்தான்.

ஆகவே, முயல விரும்பும் மாணவர்களுக்கு நான் கூறுவது இதுதான். வீட்டாரின் கோப்புகள் இல்லாத கணிப்பொறியில், அவர்கள் இசைவுடன் முயலுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். துடிப்பையும் காத்திருக்கும் எண்ணையும் அழுத்தத்தையும் ஒருங்கே மாற்றினால், பிழை எதனால் வந்தது என்று ஒருபோதும் அறியமுடியாது. ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் மெம்டெஸ்ட்86 போன்ற சோதனை நிரலைப் பல சுற்றுகள் ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் ஒரு படி இறங்குங்கள். கணிப்பொறி ஆறிய பின் ஒருமுறையும், அறை வெப்பமாக இருக்கும்போது ஒருமுறையும் சோதியுங்கள். தேதி, மாற்றம், வெப்பநிலை, விளைவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

இயற்பியல் ஆய்வகத்தில் ஊசலின் அலைவு நேரத்தை ஒரே ஒருமுறை அளந்து விடை எழுதும் மாணவனுக்கு நாங்கள் மதிப்பெண் தருவதில்லை. திரையில் ஒருமுறை தோன்றிய எண்ணுக்கும் அதே விதிதான். அடுத்தமுறை நண்பன் தன் கணிப்பொறியின் வேகத்தைச் சொன்னால், வியப்பதற்கு முன் அவனுடைய குறிப்பேட்டைக் கேளுங்கள். அது அவனிடம் இருந்தால் அவன் விளையாடவில்லை, அறிவியல் பயில்கிறான்.