கொடைக் கச்சேரியில் பேஸ் கிட்டார் இருக்கட்டும்

எங்கள் தெரு அம்மன் கோவில் கொடைக்கு இந்த வருஷம் பாட்டுக் கச்சேரி வேண்டாம், 'டிராக்' போட்டு ரெண்டு பேர் பாடினால் போதும் என்று வரிக் கூட்டத்தில் பேச்சு வந்திருக்கிறது. டிராக் என்றால் என்னவென்று கேட்கும் அண்ணாச்சிமார்களுக்காகச் சொல்கிறேன். பாடகர் குரலை மட்டும் எடுத்துவிட்டு, பாட்டின் மீதி இசை முழுவதையும் முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருப்பார்கள். லேப்டாப்பில் ஒரு பித்தானை அமுக்கினால் அது ஓடும். மைக்கைப் பிடித்து அதன்மேல் பாட வேண்டியதுதான். வாசிக்கிறவன் ஒருவனும் மேடையில் இருக்க மாட்டான்.

செலவைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. பதினைந்து பேர் வேனில் வந்து இறங்கி, சாப்பாடு, டீ, திரும்பிப் போக டீசல் என்றால் தலைக்கட்டு வரியில் கட்டுப்படியாகாது. ஆளைக் குறைக்கலாம். ஆனால் யாரைக் குறைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். எந்தக் குழுவோடு பேரம் பேசினாலும் முதலில் வெட்டுவது பேஸ் கிட்டார்க்காரரைத்தான். "அந்தத் தம்பி என்ன வாசிக்கான்னே கேக்கல, அவனுக்கு ஒரு சம்பளமா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சிரிப்பும் கைதட்டலும் வந்தது. அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் நாம். புலவர் வீசுகோலால் வில்லை அடிக்கிறார், மணிகள் குலுங்குகின்றன, உடுக்கையும் ஜால்ராவும் சேர்கின்றன. எல்லார் கண்ணும் அங்கேதான். வில்லோடு சேர்த்துக் கட்டிய குடத்தை ஒருவர் தட்டிக்கொண்டே இருப்பார், அவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் ஒரு நிமிஷம் நிறுத்தினால் தெரியும், பாட்டு அந்தரத்தில் தொங்கும். மெல்லிசைக் குழுவில் அந்தக் குடத்தின் வேலையைச் செய்வது பேஸ் கிட்டார். குடம் தாளத்தை மட்டும் சொல்லும். பேஸ் தாளத்தோடு சுரத்தையும் சொல்லும். அடுத்து பாட்டு எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று முதலில் காட்டிக் கொடுப்பது அதுதான்.

"கேக்கல" என்று சொன்னவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். நம் தலைமுறைக்குக் கேட்க வழியே இல்லாமல் இருந்தது. பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில்தானே நாம் எல்லாப் பாட்டையும் கேட்டோம்? அந்தக் குழாய் சத்தத்தை உடன்குடி வரை கொண்டு போகும், ஆனால் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எதையும் உருப்படியாகக் கொடுக்காது. பேஸ் கிட்டாரின் நாலு கம்பிகளையும் விரல் வைக்காமல் மீட்டினால் வரும் அதிர்வுகள் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். நாலும் குழாய்க்குள் நுழையக்கூட முடியாது. வீட்டில் இருந்த டிரான்சிஸ்டர் மட்டும் என்ன, உள்ளங்கை அகல ஸ்பீக்கர். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து இலங்கை வானொலி பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரித் தெளிவாக வரும், ஆனால் அடிநாதம் வராது. பாட்டின் மேல்மாடியில் உட்கார்ந்து நாற்பது வருஷம் ரசித்திருக்கிறோம்.

அந்த நாற்பது வருஷத்தில்தான் நம் சினிமாப் பாட்டில் பேஸ் கிட்டார் ராஜாங்கம் நடத்தியது. 1976-ல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா தானே கிட்டார் வாசித்தவர். பேஸுக்குத் தனியாக ஒரு மெட்டே எழுதுவார். பாடகர் ஒரு வழியில் போனால் பேஸ் வேறு வழியில் போய் முக்கில் வந்து சந்திக்கும். 'மூடுபனி'யில் (1980) ஏசுதாஸ் பாடும் கிட்டார் பாட்டையும், 'பயணங்கள் முடிவதில்லை'யில் (1982) எஸ்.பி.பி. பாடும் நிலாப் பாட்டையும் பேரனிடம் ஹெட்போன் வாங்கிக் கேட்டுப் பாருங்கள். முதல் தடவை பாட்டைக் கேளுங்கள். ரெண்டாம் தடவை பாட்டை விட்டுவிட்டு அடியில் நடந்து போகிற அந்த ஒரு சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். ராஜா குழுவில் பல வருஷம் பேஸ் வாசித்தவர் சசிதரன். அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேசட் உறையில் இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் பெயரோடு இடம் முடிந்துவிடும். ஏ.ஆர். ரகுமான் பாட்டுகளுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரிகிறது என்றால் யூடியூப் புண்ணியம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். டெட்ராய்ட்டில் மோடவுன் கம்பெனியின் எத்தனையோ வெற்றிப் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1971-ல் மார்வின் கேயின் இசைத்தட்டு ஒன்றில் பெயர் போடும்வரை, உறையில் அவர் யாரென்றே இல்லை. இத்தனைக்கும் அவர் வாசித்தது பெரும்பாலும் ஒற்றை ஆள்காட்டி விரலால்.

ஜேமர்சன் பெயரை எனக்குச் சொன்னது இங்கே கச்சேரிகளில் வாசிக்கும் ஒரு தம்பி. நம் வட்டாரத்தில் பேஸ் வாசிக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதில் ரெண்டு பேர் சந்தித்துவிட்டால் போதும், மேடைக்குப் பின்னால் டீ ஆறிப் போகும். "எந்தக் கம்பி போட்டிருக்க?" என்பதுதான் முதல் கேள்வி. கம்பியில் ரெண்டு ஜாதி. நடுக்கம்பி மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றியது ரவுண்ட்வுண்ட். தட்டைப் பட்டையைச் சுற்றியது ஃபிளாட்வுண்ட். ரவுண்டு பளிச்சென்று மணியடித்த மாதிரி ஒலிக்கும், விரல் நகரும்போது கீச்சென்று சத்தம் வரும். ஃபிளாட்டு மெத்தையில் விழுந்த மாதிரி, ஒரு 'தும்' சொல்லி அடங்கிவிடும். ஜேமர்சன் போட்டது ஃபிளாட்டு. அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டாராம்.

"அண்ணாச்சி, ரவுண்டு போட்டாத்தான் கூட்டத்துக்கு முன்னால கேக்கும்" என்பான் இளையவன்.

"ஏலே, குலசைக் காத்துல ஒன் ரவுண்டு எத்தன நாளுக்குத் தாங்கும்? மூணு வாரத்துல துரு புடிச்சு தகரம் மாதிரி ஆயிரும். ஃபிளாட்டு போட்டு மறந்துரு" என்பார் மூத்தவர்.

இதில் மூத்தவர் பக்கம் நியாயம் அதிகம். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே நிற்பதில்லை, கிட்டார் கம்பி எம்மாத்திரம். ரவுண்டின் சுருள் இடுக்குகளில் வியர்வையும் அழுக்கும் உப்பும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நாலு கம்பி ஒரு செட் வாங்கவே ஆயிரக்கணக்கில் ஆகிறது. ஒரு கச்சேரிச் சம்பளம் அதற்கே போய்விடும். அதனால் இந்தப் பையன்கள் பழைய கம்பியைக் கழற்றி வெந்நீரில் போட்டு வேகவைப்பார்கள். ரசம் கொதிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் பேஸ் கம்பி கொதிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அழுக்கு கழன்று ஒரு வாரத்துக்குப் பழைய பளபளப்பு வரும். அப்புறம் துணியால் துடைத்து வெயிலில் நன்றாகக் காயவைக்காவிட்டால் முன்னைவிட வேகமாகத் துரு ஏறும்.

ரெண்டாவது சண்டை பிக்கப் பற்றியது. கம்பிக்கு அடியில் இருக்கும் காந்தமும் செப்புச் சுருளும்தான் பிக்கப். கம்பி ஆடினால் சுருளில் மின்சாரம் பிறக்கும். மின்வாரியத்தில் காலம் தள்ளியவன் என்பதால் இந்தச் சண்டையில் எனக்கும் வாய் உண்டு. லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸ் கொண்டுவந்தார். 1957-ல் அதன் பிக்கப்பை ரெண்டு துண்டாக வெட்டி, ஒன்றுக்கொன்று எதிராக வைத்தார். வெளியில் இருந்து வரும் மின் இரைச்சல் ரெண்டு துண்டிலும் எதிரெதிராக விழுந்து அடிபட்டுப் போகும், கம்பியின் சத்தம் மட்டும் நிற்கும். 1960-ல் வந்த ஜாஸ் பேஸில் தனித்தனியாக ரெண்டு பிக்கப். இனிமை அதிகம், விரலுக்கும் லேசு. ஆனால் அதில் ஒன்றின் குமிழைக் கொஞ்சம் குறைத்தாலும் இரைச்சல் தலைகாட்டும்.

நம் கொடைப் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஜெனரேட்டர், ஒரு பக்கம் சீரியல் பல்பு, மேடைக்கு மேலே டியூப் லைட் வரிசை, எர்த் என்பது பெயருக்கு மணலில் குத்திய ஒரு கம்பி. கடற்கரை மணல் காய்ந்து கிடந்தால் அந்த எர்த்தும் சும்மாதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது சரியாக பேஸின் முதல் ரெண்டு கம்பிகளுக்கு நடுவில், 41-க்கும் 55-க்கும் இடையில் வந்து உட்காரும். வாசிக்காத ஒரு அபசுரம் ராத்திரி முழுக்க 'ம்ம்ம்' என்று கூடவே பாடும். சென்னை ஸ்டுடியோவில் ஜாஸ் பேஸ் ராஜாவாக இருக்கட்டும், ஜெனரேட்டர் பந்தலுக்கு பிரிசிஷன்தான் என்பது என் கட்சி. பந்தல்காரர் இரும்புக் கம்பி ஒன்றை ஈர மண்ணில் நன்றாக இறக்கி, ஒரு குடம் தண்ணீரும் ஊற்றினால் பாதிச் சண்டை அங்கேயே தீரும். பாடகருக்கு மைக்கில் ஷாக் அடிப்பதும் குறையும்.

மூன்றாவது, எந்தப் பேஸ் பெரிது என்பது. அசல் ஃபெண்டரை இங்கே கையில் எடுத்தவர்கள் குறைவு. பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி வைத்திருந்த வயலின் வடிவ ஹாஃப்னரைப் படத்தில் பார்த்ததோடு சரி. பழைய ஆட்கள் கையில் இருந்தது கல்கத்தாவில் செய்த கிவ்சன். அமெரிக்கக் கம்பெனி கிப்சன், நம்மது கிவ்சன். பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம், விலையில் ரெண்டு சைபர் வித்தியாசம். அதை வைத்துக்கொண்டே ராஜாவின் பேஸ் மெட்டுகளை ஒரு சுரம் விடாமல் இறக்கியவர்கள் இந்தக் கரையில் இருந்தார்கள். அதனால் இந்த மூன்றாவது சண்டையை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இனி டிராக்குக்கு வருகிறேன். டிராக்கிலும் பேஸ் இருக்கிறதே, இப்போது ஆளுயரப் பெட்டி ஸ்பீக்கர் வேறு வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். தசராவுக்கு வரும் செட்டுகளில் அந்தப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் வருவது பெரும்பாலும் இடி. ஒரே இடத்தில் ஒரே சுரத்தில் நெஞ்சில் குத்தும், பாட்டை எங்கும் அழைத்துப் போகாது. மேல்சத்தத்தையாவது கதவைச் சாத்தித் தடுக்கலாம். இந்த அடிச்சத்தம் சுவரைத் தாண்டி வந்து, இதய நோய்க்கு மாத்திரை போட்டுப் படுத்திருப்பவரின் கட்டிலை ஆட்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டிலேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. கொடையில் அதை எந்த அளவுக்கு மதிக்கிறோம் என்பது நமக்குள் இருக்கட்டும்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. டிராக் யாருக்காகவும் காத்திருக்காது. நம் தெருப் பிள்ளை ஒன்று மேடையேறி ஆசையாகப் பாடும்போது ரெண்டாவது சரணத்தை மறந்துவிட்டால், டிராக் அதைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விடும். பிள்ளை அழுதுகொண்டே இறங்கும். பேஸ்காரர் இருந்தால், பாடுகிறவரின் முகத்தைப் பார்த்து அதே இடத்தில் நாலு தாளம் சுற்றி நிற்பார். தபலாக்காரர் அவரைப் பார்ப்பார். கீபோர்டும் நின்றுவிடும். பிள்ளை வரியைப் பிடித்ததும் எல்லாரும் சேர்ந்து நடப்பார்கள். கீழே இருக்கிற நமக்கு ஒன்றுமே நடந்தது தெரியாது. கீபோர்டுக்காரர் இடது கையால் பேஸ் வாசிப்பாரே என்றால், வாசிப்பார்தான். ஆனால் அவருக்கு வயலினும் புல்லாங்குழலும் அதே ரெண்டு கையில். கம்பியில் விரலை இழுத்து ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் அந்தக் குழைவு கட்டையில் வராது.

நான் சொன்ன இளையவன் இப்போது திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேரலாமா என்று யோசிக்கிறான். போன வருஷம் இருந்த கச்சேரிகளில் பாதிகூட இந்த வருஷம் இல்லை என்கிறான். ராக்கெட் ஏவுதளம் வருகிறது, ஊர் மாறப் போகிறது என்று எல்லாரும் சொல்கிறோம். அவன் வாசிப்பைக் கேட்க ஊரில் ஒரு மேடை இல்லாமல் போனால், ஏவுதளத்தில் டீக்கடை போட்டுத்தான் அவன் இங்கே இருக்க முடியும்.

வரிக் கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவில் முற்றத்தில். நான் எழுதிக் கொண்டுபோகும் கணக்கு இது: தபலா ஒருவர், கீபோர்டு ஒருவர், பேஸ் ஒருவர், பாடகர் ரெண்டு பேர், ஆக ஐந்து பேர். வேன் வேண்டாம், ஒரு கார் போதும். பெட்டி ஸ்பீக்கரில் பாதியைக் குறைத்தால் பேஸ்காரர் சம்பளம் அதிலேயே வந்துவிடும். எர்த் கம்பி என் செலவு.