வாச்சாத்திப் பெண்கள் காத்திருந்த 31 வருஷம்



இந்தப் பகுதியில் நாம் வழக்கமாகச் சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, பூச்சிமருந்து என்றுதான் பேசுவோம். இந்தத் தடவை பேசப் போவது அதைவிடச் சங்கடமான விஷயம். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது இதைப் படிக்க வேண்டாமே என்று சிலர் நினைக்கலாம். வளர்ந்த பிள்ளைகளுக்குப் படித்தே காட்டுங்கள் என்றுதான் நான் சொல்வேன், ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. கையில் வெட்டுப்பட்டால் டிரெஸரிடம் ஓடுகிறோம், பாம்பு கடித்தால் ஊரையே கூட்டுகிறோம். ஒரு பெண்ணை ஒருவன் பலவந்தப்படுத்திவிட்டால் மட்டும் கதவைச் சாத்தி, "வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்" என்று வாயைப் பொத்துகிறோம்.

சேலம் ஜில்லா என்றால் நம்மில் பலருக்குப் பாட்டன் பூட்டன் ஊர். அங்கிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் தோட்டத்தில் இருக்கிறார்கள். அந்தப் பழைய சேலம் ஜில்லாவிலிருந்து 1965ல் பிரித்ததுதான் தருமபுரி. அங்கே அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்று ஒரு சின்ன ஊர். பெரும்பாலும் பழங்குடி மக்கள். காட்டையும் ஆடுமாட்டையும் கொஞ்சம் நிலத்தையும் நம்பிப் பிழைப்பவர்கள்.

1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அரசாங்க ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து, பின்னால் குற்றப்பத்திரிகையில் ஏறிய பெயர்கள் மட்டும் 269. ஆண்கள் பலர் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். அகப்பட்ட பெண்களையும் பிள்ளைகளையும் கிழவர்களையும் ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள். அவர்களில் 18 பெண்களைப் பிரித்து ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பலாத்காரம் செய்தார்கள். அதில் ஒருத்திக்கு வயசு 13. வீடுகளை நொறுக்கினார்கள், ஆடு கோழிகளை அறுத்துத் தின்றார்கள், கிணற்றைக்கூட விட்டுவைக்கவில்லை. பிறகு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மேல் கட்டை கடத்தியதாக வழக்குப் போட்டுச் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். ஆமாம், அடிபட்டவர்கள் தான் சிறைக்குப் போனார்கள்.

அன்றைய அரசாங்கம் என்ன சொன்னது? அப்படி ஒன்றும் நடக்கவேயில்லை என்றது. பழங்குடி மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும் விடாமல் கோர்ட்டுப் படி ஏறியதால்தான் விஷயம் செத்துப் போகாமல் இருந்தது. சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்று உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது 1995ல். தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29ல். அதற்குள் 269 பேரில் 54 பேர் செத்துப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, அதில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக்காக. அவர்கள் அப்பீல் போனார்கள். அதற்கு இன்னொரு 12 வருஷம். 2023ல் நீதிபதி வேல்முருகன் நேரிலேயே அந்த ஊருக்குப் போய்ப் பார்த்தார். அதே வருஷம் செப்டம்பர் 29ல் சென்னை உயர்நீதிமன்றம் எல்லா அப்பீல்களையும் தள்ளுபடி செய்தது. 18 பெண்களுக்கும் தலைக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும், அதில் பாதியைக் குற்றம் செய்தவர்களிடமே வசூலிக்க வேண்டும், அன்றைய கலெக்டர், போலீஸ் சூப்பிரண்டு, வன அதிகாரி மேலும் நடவடிக்கை வேண்டும் என்றது. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய புள்ளிகளையும் காப்பாற்றத்தான் இந்த ஏழை ஜனங்களைப் பலி கொடுத்தார்கள் என்பதையும் அந்தத் தீர்ப்பே சொல்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 வயசுப் பிள்ளைக்கு 44 வயசாகிவிட்டது. நீதி கிடைத்ததே என்று சந்தோஷப்படுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் 31 வருஷம் ஒரு பெண் வக்கீல் முன்னாலும் அதிகாரி முன்னாலும் அந்த ஒரு நாளையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க வைத்தது எந்த நீதியில் சேர்த்தி? அது இன்னொரு தண்டனை, அதுவும் குற்றம் செய்யாதவளுக்கு.

இதைச் சுகாதாரப் பகுதியில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இந்த வழக்குகள் பாதிக்குப் பாதி டாக்டர் எழுதும் சீட்டில் தான் ஜெயிக்கின்றன, தோற்கின்றன. 1972ல் மகாராஷ்டிரத்தில் ஓர் ஆதிவாசிப் பெண்ணைப் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே போலீஸ்காரன் கெடுத்த வழக்கு 1978ல் இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. அவள் உடம்பில் காயமில்லை, ஆகவே சம்மதித்திருப்பாள் என்று சொல்லிக் குற்றவாளிகளை விட்டுவிட்டார்கள். நாடே கொதித்தது, 1983ல் சட்டத்தை மாற்ற வேண்டியதாயிற்று. இன்னொரு கொடுமை, விரலை விட்டு "இவள் பழக்கப்பட்டவளா" என்று பார்க்கிற பரிசோதனை. அது கூடாது என்று அதே உச்ச நீதிமன்றம் 2013ல் சொல்லி, கேட்காததால் 2022ல் மறுபடி கண்டிப்பாகச் சொன்னது.

உடம்பைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்வது இதுதான். பயம் மீறிப் போனால் உடம்பு விறைத்துப் போகும். கை எழாது, சத்தம் வராது. புலியைக் கண்ட ஆட்டுக்குட்டி நிற்கிற மாதிரி. கத்தவில்லையே, கீறவில்லையே, காயமில்லையே என்பதெல்லாம் சம்மதத்துக்கு அடையாளம் அல்ல. மூன்று நாள் கழித்துச் சொன்னாலும், மூன்று மாசம் கழித்துச் சொன்னாலும் அது பொய் ஆகிவிடாது. கையில் விலங்கோடு, அடித்தவனே காவலுக்கு நிற்கிறபோது யாரிடம் சொல்வாள்?

இன்னொன்று. நம் பத்திரிகைகள் ரொம்ப காலம் "கற்பழிப்பு" என்றே எழுதின. அந்த வார்த்தையையே விட்டுவிட வேண்டும். கற்பு அழிந்தது என்றால் நஷ்டம் அவளுடையது, வெட்கம் அவளுடையது என்று ஆகிறது. திருடன் வீட்டில் புகுந்தால் வீட்டுக்காரரையா வெட்கப்படச் சொல்கிறோம்?

இதெல்லாம் கடல் தாண்டிய கதை என்று நினைக்காதீர்கள். சரவாக்கில் பெனான் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் மரவெட்டு முகாம் ஆட்களால் கெடுக்கப்படுகிறார்கள் என்று 2008ல் செய்தி வந்தபோது, மாநிலத்துப் பெரியவர்கள் இல்லவே இல்லை என்றார்கள். பெண்கள் அமைச்சு அமைத்த பணிக்குழு போய்ப் பார்த்து, 2009ல் வெளிவந்த அறிக்கையில் நடந்தது உண்மைதான் என்றது. பள்ளிக்கூடம் போக அந்தப் பிள்ளைகளுக்குக் கம்பெனி லாரியை விட்டால் வேறு வண்டி கிடையாது. அங்கேதான் வினை. 2020ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இந்தோனேசியா, மலேசியா செம்பனைத் தோட்டப் பெண்களிடம் பேசி எழுதியதும் இதே மாதிரிதான். தனியாகத் தூரத்துக் காட்டில் வேலை, பக்கத்தில் ஆள் கிடையாது, வேலை கொடுக்கிறவனே மிரட்டுகிறவன். இன்று நம் தோட்டங்களில் வேலை செய்கிற வெளிநாட்டுப் பெண்களுக்குப் பாஸ்போர்ட்டும் சொந்தக் கையில் இல்லையென்றால் அவர்கள் எந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார்கள்? அவர்களும் நம் தங்கச்சிகள் தான்.

வீட்டுக்குள்ளும் ஒரு விஷயம். கட்டிய புருஷன் மனைவியைப் பலவந்தப்படுத்தினால் நம் நாட்டுச் சட்டம் அதை வன்புணர்ச்சி என்று சொல்வதில்லை. அடி, காயம், சாவு பயம் உண்டாக்கினால்தான் 375ஏ என்ற தனிப் பிரிவு, அதிகபட்சம் 5 வருஷம். இது மாற வேண்டும் என்பது என் கருத்து.

இப்படி நேர்ந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் அவளை நம்புங்கள். "நீ ஏன் அந்தப் பக்கம் போனே" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். குளிக்க வேண்டும் போலத்தான் இருக்கும். முடிந்தால் குளிக்காமல், துணியைத் துவைக்காமல் வரட்டும். போட்டிருந்த துணியைக் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக் பையில் பூஞ்சணம் பிடித்துவிடும். குளித்துவிட்டாள், துவைத்துவிட்டாள் என்றாலும் பரவாயில்லை, கட்டாயம் போக வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரியோடு நிறுத்தாமல் அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கே போங்கள். 1994ல் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் தொடங்கிய ஓ.எஸ்.சி.சி. என்ற தனிப் பிரிவு இப்போது மற்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறது. ஒரே இடத்தில் மருந்து, பரிசோதனை, போலீஸ் ரிப்போர்ட் எல்லாம். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். கர்ப்பம் தடுக்கும் மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மஞ்சள் காமாலைத் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். சாட்சியத்துக்கு எடுக்கிற மாதிரிகளும் நாள் ஆக ஆக அழிந்துபோகும். பிறகு பல மாசம் தூக்கம் வராது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவாள், வேலைக்குப் போகமாட்டேன் என்பாள். பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியைத் தேடாமல் மனநல டாக்டரிடமும் காட்டுங்கள்.

கிளைத் தலைவர்களிடம் ஒரு வார்த்தை. எந்த மண்டோர் மேல் புகாரோ அந்த மண்டோர் கை வழியாகவே புகார் போகிற ஏற்பாடு இருந்தால் அதை முதலில் உடையுங்கள். கமிட்டியில் இரண்டு பெண்களாவது இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக, ஸ்டேஷனில் கூட உட்கார. தூரத்துக் காட்டுக்குப் பெண்ணைத் தனியாக அனுப்பாதே என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு போதாது. பள்ளிப் பிள்ளைகள் ஏறும் லாரியில் யார் ஓட்டுகிறார், கூட யார் போகிறார் என்பதையும் விசாரித்து வையுங்கள்.

ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டால் தாலியான் காசே 15999. அந்த நம்பரைப் பெண்கள் கழிவறைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். ஆபீஸ் சுவரில் துரை கண்முன்னே இருந்தால் யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள்.