மணி அடித்தால் போதாது
செயற்கை சுவாசக் கருவியில் இருக்கும் நோயாளிகளைக் கணினி வழியே இடைவிடாது கண்காணிக்கும் ஏற்பாடு இந்திய மருத்துவமனைகளில் பரவிவருகிறது. அதை வரவேற்கிறோம், ஆனால் செவிலியருக்கு மாற்றாக அதை வாங்குவதை ஏற்க மாட்டோம். பயன் குறித்து ஐயமில்லை. ஒவ்வொரு மூச்சிலும் செலுத்தும் காற்றை, உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டருக்குப் பதில் 6 என்று வைத்தபோது, கடும் நுரையீரல் பாதிப்பு உள்ளவர்களின் இறப்பு விகிதம் சுமார் 40-லிருந்து 31 சதவீதமாகக் குறைந்ததை 2000-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த அளவு மீறப்பட்டால் நள்ளிரவிலும் கணினி சுட்டிக்காட்டும். களைத்த கண் தவறவிடலாம். எனினும் காரணமின்றி ஓயாமல் ஒலிக்கும் எச்சரிக்கை மணிக்குக் காது பழகிவிடுகிறது. உண்மையான ஆபத்தும் அந்த இரைச்சலில் கரைந்துபோகும். கணினிக்கு வரும் அளவீடும் பிழையாகலாம்: விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி, கருநிறத் தோலில் உண்மையான அளவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020-இல் மற்றோர் ஆய்வு எச்சரித்தது. நம் ஊரில் கருவி வாங்குவோர் இதை விற்பனையாளரிடம் கேட்பதுண்டா? சளியை உறிஞ்சி எடுப்பதும் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதும் திரை செய்யாத வேலைகள். வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்ற நிபுணர்களின் நெறியை நிறைவேற்றாத மருத்துவமனைக்கு, இக்கருவிகள் வாங்க அரசு நிதி ஒதுக்கக் கூடாது.