கவினை வளர்த்தது யார்?

பிள்ளைகளே, 'வெண்பா' என்ற வீடியோ கேம் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? (மேல் வகுப்பில் இலக்கணப் பாடத்தில் பயமுறுத்துமே, அந்த வெண்பா இல்லை!) இதில் துப்பாக்கி கிடையாது, கார் ரேஸ் கிடையாது. இட்லி, புட்டு, பிரியாணி சமைக்க வேண்டும். கனடாவின் டொரான்டோ நகரிலுள்ள 'விசை கேம்ஸ்' 2023 ஜூலையில் இதை வெளியிட்டது. மறு ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது.

கதை 1988-ல் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் தம்பதிக்குக் கவின் என்று ஒரு மகன். அம்மா தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். புட்டு செய்யலாம் என்றால் பீட்சா கேட்பான். வளர வளர வீட்டை விட்டு விலகிப் போவான். பெரியவனான பிறகு பாட்டியின் பழைய சமையல் நோட்டை வைத்துக்கொண்டு சமைக்கப் பார்ப்பான். தமிழ் எழுத்து பாதி புரியும், பாதி புரியாது.

இவனைப் பற்றி என் பேத்திக்கும் பேரனுக்கும் ஓயாத சண்டை. "நன்றி கெட்டவன்" என்கிறாள் அவள். "அப்பா அம்மா சரியாக வளர்க்கவில்லை" என்கிறான் இவன்.

என் கட்சி வேறு. காலை முதல் மாலை வரை ஒரு பிள்ளை பள்ளியில்தானே இருக்கிறான்? அவனை வளர்ப்பதில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. அவர்களை யாருமே விசாரிப்பதில்லை!

ஊத்தங்கரைப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியராக இருந்தவன் நான். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் பிள்ளைகள் நிறைய. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் தூக்கில் கேழ்வரகுக் களி கொண்டு வருவான். மூடியைச் சாய்த்து மறைத்துக்கொண்டே சாப்பிடுவான். அவன் அம்மா வாசலில் நின்று தெலுங்கில் கூப்பிட்டால் காது கேட்காதவன் மாதிரி நிற்பான். கெட்ட பையனா? இல்லவே இல்லை. முதல் நாள் பின் வரிசையிலிருந்து "களி, களி" என்று ஒரு சிரிப்பு எழுந்தது. அதன் வேலைதான் இது.

நான் அதட்டிப் பார்த்தேன். அதட்டலில் ஆகிற காரியமா அது? ஒரு நாள் ஒரு பெண், "எங்க வீட்டிலயும் ராத்திரி களிதான், கொஞ்சம் கொடேன்" என்று தன் டிபன் பாக்ஸை நீட்டினாள். அடுத்த வாரம் மூடி தரையில் கிடந்தது. அம்மா கூப்பிட்டபோது "ஒச்சேன்!" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

இப்போது ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்ய பீகார், ஒடிசாவிலிருந்தெல்லாம் குடும்பங்கள் வருகின்றன. அவர்கள் வீட்டுப் பிள்ளை உங்கள் பெஞ்சில் உட்கார்ந்தால் அவன்தான் கவின். நீங்கள்தான் கனடாப் பிள்ளைகள்! என்ன சாப்பிடுவாய் என்று கேட்டுப் பாருங்கள். ஒடிசாக்காரப் பிள்ளை 'பகாளா' என்பான். வேறொன்றும் இல்லை, நம் வீட்டுப் பழைய சோறுதான். தயிரும் விட்டுக்கொள்வார்கள்.