கட்சியை விட்டு நீக்கினால் எங்கே போய் கேட்பது? குமுறும் தொண்டர்கள்

அன்னவாசல்:
கட்சியில் இருந்து ஒருத்தரை நீக்கும்போது தலைமை விடும் அறிக்கையில் கடைசியாக ஒரு வரி இருக்கும். நீக்கப்பட்டவரோடு கட்சிக்காரர்கள் யாரும் எந்த தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பார்கள். சென்னையில் அது வெறும் வரி. அன்னவாசல் மாதிரி ஊரில் நீக்கப்பட்டவர் மச்சானாக இருப்பார், பக்கத்து வயல்காரராக இருப்பார். அவர் வீட்டு காதுகுத்துக்கு போகலாமா, கூடாதா?

அன்னவாசல் இருக்கும் விராலிமலை தொகுதியில் 2011, 2016, 2021 என 3 சட்டசபை தேர்தலிலும் ஜெயித்தது அ.தி.மு.க. அதனால் அந்த கட்சி சண்டை இங்கே வீட்டு சண்டை மாதிரி.

2022 ஜூலை 11-ந்தேதி வானகரம் பொதுக்குழுவில் ஓ.பன்னீர்செல்வம், வைத்திலிங்கம், மனோஜ் பாண்டியன், ஜே.சி.டி.பிரபாகர் நீக்கப்பட்டனர். பொதுச்செயலாளரை அடிப்படை தொண்டன்தான் தேர்ந்தெடுக்கணும், அது எம்.ஜி.ஆர். போட்ட விதி என்று ஓ.பி.எஸ். தரப்பு கொதித்தது. 'தொண்டர்கள் உரிமை மீட்புக் குழு' என்று பெயர் வைத்து ஊர் ஊராக ஆள் திரட்டியது. கோர்ட்டுக்கும் போனது.

அங்கே நடந்ததுதான் கவனிக்க வேண்டிய விஷயம். 2023 மார்ச் 28-ந்தேதி ஐகோர்ட்டு நீதிபதி குமரேஷ்பாபு, 7 நாள் நோட்டீஸ் தராமல் நீக்கியது விதிக்கு முரணாக தெரிவதாக சொன்னார். ஆனால் தடை போட்டால் கட்சியே முடங்கும் என்று தடை தர மறுத்துவிட்டார். அப்பீலிலும் பலன் இல்லை. 3 முறை முதல்-அமைச்சராக இருந்தவருக்கே இந்த கதி. வக்கீல் பீஸ் கட்ட முடியாத கிளை செயலாளர் எந்த கோர்ட்டுக்கு போவார்?

எடப்பாடி தரப்புக்கும் நியாயம் உண்டு. அதே ஜூலை 11-ல் ராயப்பேட்டை தலைமை அலுவலகத்தில் நடந்த அடிதடியை யாரும் மறக்கவில்லை. எதிரணியோடு கைகோர்ப்பவரை வைத்துக்கொண்டு கட்சி நடத்த முடியுமா என்கிறார்கள். சரிதான். அதற்காக விளக்கம்கூட கேட்காமல் நீக்குவதா?

2025-ல் செங்கோட்டையன் முறை வந்தது. பிரிந்தவர்களை சேர்க்க செப்டம்பர் 5-ந்தேதி 10 நாள் கெடு வைத்தார். மறுநாளே கட்சி பதவி போச்சு. அக்டோபர் 30-ந்தேதி பசும்பொன்னில் ஓ.பி.எஸ்., தினகரனோடு நின்றார். மறுநாள் கட்சியில் இருந்தே நீக்கம்!

அதே செப்டம்பரில் பா.ம.க.வில் மகன் அன்புமணியை நீக்கினார் ராமதாஸ். ம.தி.மு.க.வில் மல்லை சத்யாவை நீக்கினார் வைகோ. 1993-ல் தி.மு.க.வில் இருந்து வைகோவை நீக்கியபோது தொண்டர்கள் தீக்குளித்து செத்தார்கள் என்பது பழைய கதை.

தலைவர்களுக்கு இன்னொரு கட்சி கிடைத்துவிடும். செங்கோட்டையன் நவம்பரிலேயே விஜய் கட்சிக்கு போய்விட்டார். இந்த மாவட்டத்துக்காரரான திருநாவுக்கரசர், ஜெயலலிதாவை விட்டு பிரிந்த பிறகு எம்.ஜி.ஆர். அ.தி.மு.க. கண்டு, 1999-ல் புதுக்கோட்டை எம்.பி. ஆனார். பிறகு பா.ஜ.க., அதன்பின் காங்கிரஸ்.

அவர்கள் பின்னால் போன வார்டு ஆட்களோ, மேலே ஒட்டிக்கொண்டால் சேர்த்துக்கொள்வார்களா என்று பழைய உறுப்பினர் அட்டையை கிழிக்காமல் வைத்திருக்கிறார்கள்.