கோட்டைமேடு இருக்கு... கோட்டை எங்கே? சேதுபதிகளின் காவல் அரண்களை ஏன் காப்பாற்றணும்?

நயினார்கோவிலுக்கு ஒரு பக்கம் கமுதி. மறுபக்கம் ஆர்.எஸ்.மங்கலம் அருகே செங்கமடை. இரண்டு ஊரிலும் சேதுபதி மன்னர்கள் காலத்துக் கோட்டைகள் சிதைந்து கிடக்கின்றன. நாகநாதரைக் கும்பிட வருகிற பலருக்கும் இது தெரியாது.

யார் கட்டினார்கள்?

போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றி, அங்கே கோட்டை எழுப்பியவர் கிழவன் சேதுபதி. சீமையின் வடக்கே திருமயத்தில் 1687-ல் கட்டப்பட்டதும் சேதுபதிகளின் கோட்டைதான். குண்டாற்றங்கரையில் உள்ள கமுதி வட்டக்கோட்டை, 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஜயரகுநாத சேதுபதி கட்டியது.

என்ன ஆச்சு?

1772-ல் ஆற்காடு நவாப், ஆங்கிலேயக் கம்பெனி படைகள் ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தன. 1801 போருக்குப் பிறகு பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும், ஆயுதங்களைப் பறிக்கவும் கம்பெனி உத்தரவிட்டது. பாஞ்சாலங்குறிச்சி தரைமட்டமானது. காவலுக்குப் பயன்படாத கோட்டையைப் பராமரிக்க யாருக்கும் அவசியம் இல்லாமல் போனது. கமுதியில் 'கோட்டைமேடு' என்ற பெயர் மட்டும் மக்கள் வாயில் நிற்கிறது.

ரோமானியர்கள் கதை என்ன?

பிரிட்டனில் கி.பி. 122-ல் ஹேட்ரியன் என்ற ரோமப் பேரரசர் எல்லைச் சுவர் கட்டத் தொடங்கினார். நீளம் சுமார் 117 கிலோமீட்டர். அதன் கற்களையும் மக்கள் தேவாலயத்துக்கும் பண்ணை வீட்டுக்கும் பெயர்த்துப் போனார்கள். ஆனாலும் மிச்சம் இருந்தது 1987-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2005-ல் ஜெர்மனியில் உள்ள ரோம எல்லை அரணும், 2008-ல் ஸ்காட்லாந்தின் அன்டோனைன் சுவரும் அதோடு சேர்ந்தன. தனித்தனி இடிபாடு என்று பார்க்காமல், ஒரே காவல் வரிசையாகப் பார்த்ததுதான் விஷயம்.

நம்ம ஊரிலும் இதற்கு உதாரணம் உண்டு. 2025-ல் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது தனியாக அல்ல. மகாராஷ்டிராவின் 11 கோட்டைகளோடு சேர்ந்துதான்.

இப்போது என்ன செய்யணும்?

திருமயம் மத்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. மக்களும் போய்ப் பார்க்கிறார்கள். அந்தக் கவனம் கமுதிக்கும் செங்கமடைக்கும் கிடைக்கவில்லை. முதலில் நிலத்தை அளந்து எல்லைக்கல் நடணும். வரலாறு சொல்லும் பலகை வைக்கணும். ராமநாதபுரம், திருமயம், கமுதி, செங்கமடை நான்கையும் ஒரே தொகுப்பாக ஆவணப்படுத்தணும். இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஆனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் இன்னும் கொஞ்சம் சுவர் சரியும். சரிந்ததைப் பிறகு எந்த நிதியாலும் மீட்க முடியாது.