கூட்டம் வரும் வேளையும் ஆள் இருக்கும் வேளையும்

கடலூர்ச் சாலையில், நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றங்கரையிலுள்ள படகுக் குழாமை நம் அங்கத்தினர்களில் பலர் அறிவர். ஞாயிற்றுக்கிழமையானால் பாரடைஸ் கடற்கரைக்குப் படகேற வருவோரின் வரிசை வெயிலில் நீண்டுவிடும். செவ்வாய்க்கிழமை காலையில் அதே துறையில் படகுகள் கட்டிக் கிடக்கும். ஞாயிறன்று வந்தவர் "ஆள் போதாது" என்பார், செவ்வாயன்று வந்தவர் "இத்தனை ஆள் எதற்கு?" என்பார். அவரவர் வந்த கிழமைக்கு இருவர் சொல்வதும் உண்மையே.

நம் சங்கங்களின் நிலையும் இதுவேயன்றோ? பல நாட்களில் எழுத்தர் ஈயோட்டிக்கொண்டிருப்பார். நூல் பட்டுவாடா நாளன்றோ நெசவாளர் அனைவரும் ஒரே காலையில் திரண்டு நிற்பர். நடவுப் பருவத்தில் உரத்திற்கும் பயிர்க்கடனுக்கும் விவசாயிகள் அவ்வாறே நிற்பர். மாதச் சம்பளக்காரருக்குக் காத்திருத்தல் வெறும் அலுப்பு. நெய்த அளவுக்குக் கூலி பெறுபவருக்கோ அது நஷ்டம். தறி நின்றால் கூலியும் நின்றுவிடுகிறது. இந்த நஷ்டம் எந்தச் சங்கத்தின் ஐந்தொகையிலும் ஏறுவதில்லை.

இதற்கு நிர்வாகிகள் உடனே கேட்பது இன்னொரு சிப்பந்தியை. முதலில் கேட்கவேண்டியது கணக்கை என்பது என் கருத்து. கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய ஏர்லாங் என்னும் கணித அறிஞர் 1909-ஆம் ஆண்டிலேயே இத்துறையில் ஆராய்ச்சி வெளியிட்டார். அவ்வழி வந்த கணக்கு ஒன்றைப் பாருங்கள். மணிக்குச் சராசரி 10 பேரைக் கவனிக்கவல்ல ஒரு சாளரத்திற்கு, நேர ஒழுங்கின்றி 8 பேர் வந்தால் சராசரிக் காத்திருப்பு 24 நிமிஷம். 9 பேர் வந்தால் 54 நிமிஷம்! மணிக்கு ஒருவரை வேறு வேளைக்கு வரச்செய்தாலே காத்திருப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே, பட்டுவாடாவைத் தெருவாரியாக வெவ்வேறு நாட்களுக்குப் பிரித்தல் சில்லறை ஏற்பாடன்று.

நோணாங்குப்பத்திற்குத் தெற்கே அதே சாலையில், தவளக்குப்பத்தில், அரவிந்த் கண் மருத்துவமனை 2003 முதல் நடைபெறுகிறது. 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய நிறுவனத்தின் கிளை அது. ஒரு மேஜையில் அறுவை நடக்கையிலேயே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளியை ஆயத்தம் செய்துவைப்பது அவர்கள் முறை. அறுவைக்கு முன்னும் பின்னுமுள்ள வேலைகளை, அவர்களே பயிற்சியளித்த கிராமப் பெண்கள் கவனிக்கின்றனர். மருத்துவரின் கை சும்மா இருப்பதில்லை. நம் காரியதரிசி கையெழுத்திட அமர்ந்திருக்கையில், பாஸ் புத்தகத்தைச் சரிபார்ப்பதும் நூலை எடைபோடுவதும் முன்னதாகவே முடிந்திருக்கலாகாதா?

ஒன்றில் மட்டும் நான் இணங்கேன். கூட்டமுள்ள நாளில் மட்டும் சிப்பந்தியை அழைத்து, மற்ற நாட்களின் ஊதியத்தை வெட்டும் வழக்கம் தனியார் கடைகள் சிலவற்றில் உண்டு. உழைப்பாளிகள் கூடி அமைத்த சங்கத்திற்கு அது தகாது. ஓய்வான நாட்களில் பேரேடு எழுதலாம், இருப்பெடுக்கலாம், வர இயலாத முதியோர் வீட்டிற்கே சென்று வரலாம். முறைநாள் தவறி வருவோரையும் திருப்பியனுப்பாமல் கடைசி ஒரு மணி நேரத்தை அவர்களுக்கென ஒதுக்கவேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. சாளரத்தருகே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, எந்த நாள், எந்த மணியில், எதற்காக எத்தனை பேர் வந்தனர் என்று மூன்று மாதம் குறித்துவரட்டும். அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவு அறிக்கையோடு அந்த நோட்டையும் வாசிக்கும்படி அங்கத்தினர்கள் கேட்கவேண்டும்.